652 சாவிகள்

1985-ம் வருடம், ஜனவரி 7. குளிர்கால ராத்திரி. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், மேற்கு 44-வது தெருவில், நான்கு கட்டடங்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடிப்பதற்கு அனுமதிச் சீட்டு கிடையாது. அதை விடுங்கள், உள்ளே போகிற காஸ் குழாயைக்கூட அடைக்கவில்லை. எங்காவது ஒரு பொறி பறந்திருந்தால் தெருவே போயிருக்கும்.

அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

இடிபட்ட நான்கில் இரண்டு, ஏழைகள் தங்குகிற மலிவு ஓட்டல்கள். அந்த மாதிரி ஓட்டல்களை இனிமேல் இடிக்கக்கூடாது, மாற்றிக் கட்டக்கூடாது என்று மாநகராட்சி ஒரு தடை கொண்டுவந்திருந்தது. ஓரிரு நாளில் அமலுக்கு வரப்போகிறது. வந்துவிட்டால் மனை முடங்கிவிடும். அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாகக் காரியத்தை முடித்துவிட்டார்கள். பிற்பாடு விவகாரம் வெடித்தது. மனைக்குச் சொந்தக்காரரான கட்டட அதிபர் மாநகராட்சிக்கு 20 லட்சம் டாலர் கட்டி சமாதானம் செய்துகொண்டார். 1990-ல் அதே இடத்தில் பளபளவென்று ஒரு பெரிய ஓட்டல் எழும்பிவிட்டது. கட்டிய அபராதம் கொசுறு மாதிரிதான்.

அந்த மலிவு ஓட்டல்களை இவர்கள் 'சிங்கிள் ரூம் ஆக்குபன்ஸி' என்பார்கள். சுருக்கமாக எஸ்.ஆர்.ஓ. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரு ஆளுக்கு ஒரு ரூம். ஒரு கட்டில், ஒரு அலமாரி. குளிக்க, கழிக்க வராந்தா கோடிக்குப் போகவேண்டும். சமையலறை கிடையாது. வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகை. கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், ஓட்டலில் தட்டு கழுவுகிறவர்கள், நாடகத்தில் சான்ஸ் தேடுகிறவர்கள், பென்ஷனில் காலம் தள்ளுகிற கிழவர்கள், குடும்பத்தோடு ஒத்துப்போகாதவர்கள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அங்கே ஒரு கதவு இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம்.

அழகான இடங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டைப்பூச்சி உண்டு, திருட்டு உண்டு, குடி உண்டு. ஆனால் பிளாட்பாரத்துக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த ஒரே சுவர் அதுதான். அந்தச் சுவரை நகரமே காசு கொடுத்து இடித்தது என்பதுதான் வேடிக்கை.

எப்படி? 1955-ல் முதல் அடி. இனிமேல் புதிதாக எஸ்.ஆர்.ஓ. கட்டக்கூடாது என்று சட்டம். இது மனிதர்கள் வாழ்கிற லட்சணமா என்ற நல்லெண்ணம்தான் காரணம். நல்லெண்ணத்தால் வந்த வினைகளைப் பட்டியல் போட்டால் இந்தப் பத்தி போதாது. எழுபதுகளின் நடுவில் இரண்டாவது அடி. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து நல்ல ஃபிளாட்டாக மாற்றினால் சொத்து வரியில் ஏகப்பட்ட சலுகை என்று ஒரு திட்டம். அதை எஸ்.ஆர்.ஓ.க்களுக்கும் நீட்டினார்கள். உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? கிழவர்களை வெளியே அனுப்பி, சுவரை உடைத்து, நான்கு ரூமை ஒரு ஃபிளாட்டாக்கி, பத்து மடங்கு விலைக்கு விற்றார்கள். ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் நியூயார்க்கில் காணாமல் போன இந்த மாதிரி ரூம்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதே சமயத்தில் இன்னொரு கதவும் திறந்தது, வெளிப்பக்கமாக. 1955-ல் நியூயார்க் மாநிலத்தின் மனநல ஆஸ்பத்திரிகளில் சுமார் 93 ஆயிரம் பேர் இருந்தார்கள். புது மருந்துகள் வந்தன. மாத்திரை சாப்பிட்டால் வெளியிலேயே வாழலாமே, எதற்கு அடைத்து வைக்கவேண்டும் என்று அடுத்த இருபத்தைந்து வருடங்களில் பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டார்கள். அதிலும் தப்பு சொல்ல முடியாது. பல ஆஸ்பத்திரிகள் ஜெயிலைவிட மோசம். ஆனால் வெளியே வந்தவர்களைக் கவனித்துக்கொள்ள வரவேண்டிய ஏற்பாடுகள் சொன்ன அளவுக்கு வரவே இல்லை. போக்கிடம்? அதே எஸ்.ஆர்.ஓ.தான். ஒரு கையால் ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்கு அனுப்பி, இன்னொரு கையால் ரூமை இடித்தால் என்ன ஆகும்?

எழுபதுகளின் கடைசியில் நியூயார்க்வாசிகள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ரயில் நிலையங்களில், நீராவி வெளியேறுகிற தெருக் கம்பிகளின் மேல், கடை வாசல்களில், மூட்டை முடிச்சோடு மனிதர்கள்.

1979-ல் ராபர்ட் ஹேய்ஸ் என்கிற இளம் வக்கீல் ஒரு வழக்கு போட்டார். வழக்கு யார் பெயரில்? ராபர்ட் காலஹன். கொரிய யுத்தத்தில் பங்கெடுத்தவர், சமையல் வேலை பார்த்தவர், பௌரி என்கிற தெருவே கதி என்று கிடந்தவர். ஏழைகளைக் காப்பது மாநிலத்தின் கடமை என்று நியூயார்க்கின் அரசியல் சட்டத்தில் 1938-லேயே ஒரு ஷரத்து சேர்த்திருந்தார்கள். யாரும் சீண்டாமல் கிடந்தது. ஹேய்ஸ் அதைத் தூசி தட்டி எடுத்துக் கோர்ட்டில் வைத்தார். ஜெயித்தும் விட்டார். 1981 ஆகஸ்டில் மாநகராட்சி கையெழுத்துப் போட்டது. கேட்டு வருகிற ஒவ்வொரு ஆணுக்கும் ராத்திரி தங்க இடம் தரப்படும். கையெழுத்தாகும்போது காலஹன் இல்லை. அதற்கு முன்பே பௌரியில், தெருவிலேயே இறந்துபோயிருந்தார்.

சரி, தங்க இடம் என்றால்? கோர்ட் சொன்னது கூரை. மாநகராட்சி கொடுத்ததும் கூரைதான். பழைய ராணுவப் பயிற்சிக் கூடங்களைத் திறந்துவிட்டார்கள். ஃபோர்ட் வாஷிங்டன் கூடத்தில் ஒரே ஹாலில் ஏறக்குறைய ஆயிரம் கட்டில்கள். அடுத்த கட்டிலில் இருமுகிறவருக்கு காசநோயா, உங்கள் செருப்பு காலையில் இருக்குமா என்பதெல்லாம் அதிர்ஷ்டம். பலர் தெருவே தேவலை என்று திரும்பிப் போனார்கள்.

குடும்பங்களுக்கு வேறு ஏற்பாடு. நொடித்துப்போன பழைய ஓட்டல்களில் ரூம் பிடித்து அம்மாவையும் குழந்தைகளையும் தங்கவைத்தார்கள். 'வெல்ஃபேர் ஓட்டல்' என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,500 டாலருக்கும் மேல் ஓட்டல் முதலாளிக்கு அரசாங்கம் அளந்தது. அதே குடும்பம் சொந்தமாக வாடகை வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றால் அரசாங்கம் தருகிற வாடகைப் படி 300 டாலரைக்கூடத் தொடாது. மறுபடி படித்துப் பாருங்கள், அச்சுப் பிழை இல்லை. விதி அப்படி. அவசர நிதி ஒரு கணக்கு, வாடகைப் படி ஒரு கணக்கு. இதிலிருந்து எடுத்து அதில் போட முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, சத்தமில்லாமல் ஒரு விடை கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் திட்டக் கமிஷன் நிபுணர்கள் இல்லை. மூன்று பிரான்சிஸ்கன் பாதிரியார்கள். 31-வது தெருவில் அவர்களுடைய சர்ச். அடுத்த தெருவில் அபர்டீன் என்று ஒரு எஸ்.ஆர்.ஓ. ஓட்டல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனநலம் குன்றியவர்கள் அங்கே நிறையப் பேர். பாதிரியார்கள் தினமும் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார்கள், காபி போட்டுக் கொடுப்பார்கள், சண்டை வந்தால் விலக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. அந்த அளவுக்கே பலர் தேறிவிட்டார்கள். திடீரென்று ஒருநாள், ஓட்டலை டூரிஸ்ட்டுகளுக்கு மாற்றப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள்.

பாதிரியார்கள் யோசித்தார்கள். ஆட்களைத் தேற்றி என்ன பிரயோஜனம், கட்டடம் நம்முடையது இல்லையே? 1980-ல் 24-வது தெருவில் பாழடைந்த ஒரு ஓட்டலை அவர்களே வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ரூம், ஒரு சாவி. கீழே நர்ஸ், சமூக சேவகர், சாப்பாட்டுக் கூடம். செயின்ட் பிரான்சிஸ் ரெசிடென்ஸ் என்று பெயர். பிற்பாடு அமெரிக்கா முழுக்க 'சப்போர்டிவ் ஹவுஸிங்' என்று பேசப்பட்ட சமாசாரத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. (பாதிரியார்கள் போட்ட பிள்ளையார் சுழி!)

நூறு பேர், நூற்றுப் பத்து பேர் என்றால் சரி. அறுநூறு பேருக்கு இது நடக்குமா?

இங்கேதான் ரோசன் ஹேகர்ட்டி வருகிறார். கனெக்டிகட் மாநிலத்துக்காரர். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர். காலேஜ் முடித்த கையோடு நியூயார்க்கில் வீடில்லாத இளைஞர்களுக்கான ஒரு இல்லத்தில் சேவை செய்ய வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். இல்லத்துக்குப் பக்கத்தில், 43-வது தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கிற மூலையில், 15 மாடி டைம்ஸ் ஸ்கொயர் ஓட்டல் நின்றது. 1920-களின் ஆரம்பத்தில், தியேட்டர் தெருவின் பொற்காலத்தில் தனி ஆட்களுக்காகக் கட்டியது. சலவைக்கல் லாபி, வேலைப்பாடு செய்த கூரை என்று அந்தக் காலத்து ஜம்பம். எண்பதுகளில் அதுவும் வெல்ஃபேர் ஓட்டலாகிச் சீரழிந்து, கடைசியில் திவாலாகிவிட்டது. கட்டட விதி மீறல்கள் மட்டும் 1,700-க்கும் மேல். லிஃப்ட் ஓடாது. தண்ணீர் ஒழுகும். அதற்குள்ளும் போக்கிடம் இல்லாமல் சுமார் 200 பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வயதானவர்கள், மனநலம் பாதித்தவர்கள்.

ஹேகர்ட்டி ஊரில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கெல்லாம் போன் போட்டார். இந்த ஓட்டலை எடுத்து நடத்துங்களேன்? எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான். ஐயோ, அவ்வளவு பெரிசா? வேறு வழியில்லாமல் 1990-ல் அவரே 'காமன் கிரவுண்ட்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. 1991-ல் மாநகராட்சி கொடுத்த கடனை வைத்து ஓட்டலை வாங்கியேவிட்டார்.

புதுப்பித்து முடிக்க, வாங்கிய விலையோடு சேர்த்து ஆன செலவு சுமார் 3 கோடியே 60 லட்சம் டாலர். எங்கிருந்து வந்தது? பாதி சாமர்த்தியம் இங்கேதான். மாநகராட்சி கடன் ஒரு பக்கம். ஏழைகளுக்கு வீடு கட்டினால் வருமான வரியில் தள்ளுபடி என்று 1986-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. பழமையான கட்டடத்தைக் கெடுக்காமல் புதுப்பித்தால் இன்னொரு தள்ளுபடி. வரியே கட்டாத தொண்டு நிறுவனத்துக்குத் தள்ளுபடி எதற்கு என்கிறீர்களா? அதை லாபம் சம்பாதிக்கிற கம்பெனிகளிடம் கொடுத்து, பதிலுக்கு முதலீடு வாங்கிக்கொள்ளலாம். முன்பு சொத்து வரிச் சலுகையால் ரூம்கள் அழிந்தன அல்லவா? இப்போது வரிச் சலுகையாலேயே ரூம்கள் முளைத்தன. சலவைக்கல் லாபியைப் பழையபடி மீட்டதும் வெறும் அழகுணர்ச்சி இல்லை பாருங்கள். லாபியைக் கெடுத்தால் தள்ளுபடி போச்சு!

கடைசியில் கிடைத்தது 652 ரூம்கள். இந்த முறை உள்ளேயே குளியலறை, சின்னதாக சமையல் மேடை. யாருக்குக் கொடுப்பது? எல்லா ரூமையும் தெருவில் இருக்கிறவர்களுக்கே கொடுப்பதுதானே நியாயம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஹேகர்ட்டி பாதிப் பாதி என்றார். ஒரு பாதி, தெருவிலும் முகாமிலும் இருந்தவர்களுக்கு. மறுபாதி, குறைந்த சம்பளக்காரர்களுக்கு. பக்கத்துத் தியேட்டர்களில் சின்ன வேஷம் கட்டுகிறவர்கள், ஓட்டல் சர்வர்கள், கடைச் சிப்பந்திகள். அவர்களுக்கும் மன்ஹாட்டனில் வாடகை கட்டுப்படியாகவில்லையே. வெல்ஃபேர் ஓட்டல்களில் கஷ்டத்தையெல்லாம் ஒரே கட்டடத்தில் போட்டு மூடியதன் விளைவை ஊர் பார்த்துவிட்டது. இங்கே லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று உங்களால் சொல்ல முடியாது. அதுதான் திட்டம்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. வெளியே குளிரில் ஆட்கள் கிடக்கும்போது முந்நூறு ரூமை நடிகர்களுக்குக் கொடுப்பதா? சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எனக்கு இன்றைக்கும் முழுசாக சமாதானம் ஆகவில்லை. ஆனால் அறுநூறுக்கு மேல் ரூம் உள்ள கட்டடம் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சீரழியாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

குடியிருக்கிறவர்களிடம் வாடகை உண்டு. வருமானத்தில் சுமார் 30 சதவீதம். இனாம் இல்லை, வாடகை ஒப்பந்தம் போட்ட குடித்தனக்காரர். வாசலில் 24 மணி நேரமும் ஆள். கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு அமைப்பின் சமூக சேவகர்கள், மருத்துவ உதவி. போய்ப் பார்த்தால்தான் வீடு என்று கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டர் அறை, ஓவியம் வரைய இடம், எல்லோரும் கூட மேலே ஒரு ஹால், மொட்டை மாடியில் தோட்டம். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த கடைகள். பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் கம்பெனி, கிளைக்கு வாங்குகிற கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கடை வைக்கவிட்டது. அதில் குடியிருப்பவர்களுக்கே வேலை. லாபிக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ரூம் சிறியது, நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். இறங்கி வந்து, நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பேரைப் பார்க்க ஒரு இடம் வேண்டும். அபர்டீன் ஓட்டலில் பாதிரியார்கள் காபி போட்டுக் கொடுத்தார்களே, அந்த வேலையைத்தான் லாபி செய்தது.

28-வது தெருவில் பிரின்ஸ் ஜார்ஜ் என்கிற 1904-ம் வருடத்து ஓட்டல். அதுவும் வெல்ஃபேர் ஓட்டலாகிப் பெயர் கெட்டு, இழுத்து மூடியது. 1999-ல் அதையும் 416 வீடுகளாகத் திறந்தார்கள். பாழாகிக் கிடந்த நடன மண்டபத்தை, வேலை கற்றுக்கொள்ள வந்த இளைஞர்களைக் கொண்டே புதுப்பித்து, கல்யாணத்துக்கும் பார்ட்டிக்கும் வாடகைக்கு விட்டார்கள். 2001-ல் ஹேகர்ட்டிக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப்.

இதெல்லாம் சரி, கட்டுப்படியாகுமா? பி.காம். படித்த எனக்கு இதைப் பார்க்காமல் தூக்கம் வராது. 2002-ல் டென்னிஸ் கல்ஹேன் என்கிற பேராசிரியரும் சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இப்படி வீடு கிடைத்த, மனநலம் கடுமையாகப் பாதித்த 4,679 பேரின் கணக்கைத் தோண்டினார்கள். வீடு கிடைப்பதற்கு முன்னால், முகாம், ஆஸ்பத்திரி, ஜெயில் என்று ஒரு ஆளுக்கு வருடத்துக்கு அரசாங்கம் செய்த செலவு 40,451 டாலர். ஒன்றுமே செய்யாமல் தெருவில் விட்டுவைப்பதற்கு ஆகிற செலவு இது! வீடு கிடைத்த பிறகு அந்தச் செலவில் 16,281 டாலர் மிச்சம். வீட்டுக்கும் சேவைக்கும் ஆனது 17,277. வித்தியாசம் ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. மாதத்துக்கு எண்பத்துச் சொச்ச டாலரில் ஒரு மனிதருக்குக் கதவும் தாழ்ப்பாளும்.

ஆனால் ஒரு உறுத்தல். 652 ரூம் திறந்த பிறகும் டைம்ஸ் சதுக்கத்தில் ஆட்கள் படுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விசாரித்தால், வருடக்கணக்காகத் தெருவிலேயே இருக்கிற அவர்கள் யாரும் மனுவே போடவில்லை. ஃபாரம், சர்டிபிகேட், இன்டர்வியூ என்று ரூம் கிடைக்க ஆயிரம் படி. அதையெல்லாம் ஏறத் தெம்பிருந்தவர்கள்தான் உள்ளே வந்திருந்தார்கள். 2003-ல் காமன் கிரவுண்ட் ஆட்கள் தெருவுக்கே போய் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதினார்கள். அதிக காலம் தெருவில் கிடந்தவருக்கு முதல் ரூம். சில வருடங்களில் அந்த வட்டாரத்தில் தெருவில் தூங்குகிறவர்கள் எண்ணிக்கை 87 சதவீதம் குறைந்தது.

கொரோனா வந்த 2020-ல் கலிஃபோர்னியா மாநிலம் இதே வித்தையைப் பெரிய அளவில் செய்தது. டூரிஸ்ட் இல்லாமல் காலியான ஓட்டல்களையும் மோட்டல்களையும் வளைத்து வாங்கினார்கள். 84 கோடியே 60 லட்சம் டாலரில் சுமார் 6,000 வீடுகள். சராசரி 1 லட்சத்து 40 ஆயிரம்.

ஹேகர்ட்டி 2011-ல் விலகி வேறு அமைப்பு தொடங்கினார். காமன் கிரவுண்ட் 2015-ல் 'பிரேக்கிங் கிரவுண்ட்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. டைம்ஸ் ஸ்கொயர் ஓட்டலுக்கு ஆன செலவை வகுத்துப் பார்த்தால் ரூமுக்கு 55 ஆயிரம் டாலர் வருகிறது. வாங்கியபோது அந்தத் தெருவில் யாரும் கால் வைக்கப் பயப்பட்ட காலம். 1997-ல் அடுத்த தெருவில் டிஸ்னி தியேட்டர் திறந்த பிறகு அந்த விலைக்கு அங்கே ஒரு மூலை கிடைத்திருக்குமா? 2018-ல் அதே அமைப்பு, புரூக்ளின் பக்கம், சாண்ட்ஸ் தெருவில் யெகோவாவின் சாட்சிகள் சபையினர் தங்குவதற்காக இருந்த ஓட்டல் கட்டடத்தை வாங்கியது. கிட்டத்தட்ட 500 ரூம். விலை 17 கோடி டாலர். ஒரு ரூமுக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம். பெயின்ட் அடிக்கிற செலவு தனி.